'மாட்டேன்' என்று சொன்ன மகன்

மேலைநாட்டு இசை என்றதும் நம்மில் பலருக்குத் தீர்ப்பு நாவின் நுனியிலேயே ஆயத்தமாய் இருக்கிறது. அதிலும் 'பங்க் ராக்' என்று பெயர் சொன்னால் போதும். சாயமேற்றிச் சிலிர்த்து நிற்கும் முடி, கன்னத்தில் குத்திய ஊக்கு, கிழிந்த சட்டை, காதைப் பிளக்கும் கிதார் ஆகியவற்றைக் கண்டதும் 'சாத்தானின் இசை' என்று முத்திரை குத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். 1980களில் அமெரிக்கப் பிரசங்கிகள் சிலர் ராக் இசைத்தட்டுகளைத் தலைகீழாகச் சுழற்றிப் பேயின் சொற்களைத் தேடினார்கள். அந்தத் தேடலின் எதிரொலி நம் தியான மேடைகள் வரை வந்து சேர்ந்ததுண்டு. தட்டைத் தலைகீழாகச் சுழற்றிக் கேட்டவர்கள் அதை ஒருமுறையேனும் நேராகச் சுழற்றிக் கேட்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

தொழிலாள இளைஞரிடையே உழைத்த பெல்ஜிய நாட்டுக் குரு யோசேப்பு கார்டின் நமக்கு மூன்று படிகளைக் கற்பித்தார். முதலில் பார், பிறகு சீர்தூக்கு, அதன்பின் செயல்படு. திருத்தந்தை 23ஆம் அருளப்பர் 1961இல் வெளியிட்ட தமது சுற்றுமடலில் இம்முறையையே திருச்சபைக்குப் பரிந்துரைத்தார். நாமோ பங்க் இசையைப் பொறுத்தவரை முதற்படியில் கால் வைக்காமலே இரண்டாம் படிக்குத் தாவிவிட்டோம். ஆகவே முதலில் பார்ப்போம்.

'பங்க்' என்னும் இச்சொல்லுக்கும் நம் மறைமாவட்டங்களில் வழங்கும் 'பங்கு' என்பதற்கும் உறவில்லை. பழைய ஆங்கிலத்தில் அது பரத்தையைக் குறித்தது. பின்னர் உதவாக்கரை, தெருப்பொறுக்கி என்னும் பொருள்களில் வழங்கியது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க இசை இதழாளர்கள், 1960களில் வீட்டுக் கார்க்கொட்டகைகளில் பாடிப் பழகிய முரட்டு இளைஞர் குழுக்களை இப்பெயரால் சுட்டினர். கார்த் தொழிற்சாலைகள் சூழ்ந்த டெட்ராயிட் வட்டாரத்தில் எழுந்த ஸ்டூஜஸ், எம்.சி.ஃபைவ் ஆகிய குழுக்கள் 1969இலேயே இந்த முரட்டு ஓசையைத் தட்டில் பதித்திருந்தன. 1976 ஜனவரியில் நியூயார்க் இளைஞர் சிலர் 'பங்க்' என்றே ஓர் இதழைத் தொடங்கினர். வசைச்சொல்லே பெயராயிற்று. இதில் நாம் முகம் சுளிக்க ஒன்றுமில்லை. 'கிறிஸ்தவர்' என்னும் பெயரும் அந்தியோக்கியாவில் பிறர் நமக்கு இட்ட பெயர்தானே?

நியூயார்க் மாநகர் 1975இல் திவாலாகும் நிலையில் நின்றது. அவ்வாண்டுக் கோடையில் காவலர், தீயணைப்போர், துப்புரவுப் பணியாளர் என ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். நகரைக் காக்க மத்திய அரசு பணம் தராது என்று அக்டோபரில் அறிவித்த குடியரசுத் தலைவர் ஃபோர்டு, பின்னரே மனமிறங்கினார். அந்நகரில் போவரி என்றொரு வீதி. குடியால் கெட்டவர்களும் வீடற்றவர்களும் முடங்கும் மலிவு விடுதிகள் நிறைந்த வீதி அது. அத்தகைய விடுதி ஒன்றின் கீழே, 315ஆம் எண் கட்டடத்தில், 1973 டிசம்பரில் ஹில்லி கிறிஸ்டல் என்பவர் 'சி.பி.ஜி.பி.' என்னும் மதுக்கூடத்தைத் திறந்தார். அமெரிக்க நாட்டுப்புற இசைக்கெனத் திறந்த அவ்விடத்தைத் தேடி வந்தவர்களோ வேறெங்கும் மேடை கிடைக்காத இளைஞர்கள். 1974 ஆகஸ்டில் அங்கு முதன்முறை மேடையேறியது ரமோன்ஸ் குழு. 1976இல் வெளிவந்த அவர்களது முதல் இசைத்தட்டில் 14 பாடல்கள். மொத்தம் அரைமணி நேரத்துக்கும் குறைவு. பதிவுச் செலவு சுமார் 6,400 டாலர். பெரிய குழுக்கள் மாதக்கணக்கில் ஒலிப்பதிவுக்கூடங்களில் பணத்தைக் கொட்டிய காலத்தில் இது நிகழ்ந்தது என்பதை மறக்கலாகாது. செல்வம் பெருத்துச் சலித்துப் போன ராக் இசைக்கு இளைஞர்கள் தந்த மறுமொழி அது.

அந்த மதுக்கூடத்திலிருந்து சில நிமிட நடைத் தொலைவில், கிழக்கு முதலாம் தெருவில், 'கத்தோலிக்கத் தொழிலாளி' இயக்கத்தின் புனித யோசேப்பு இல்லம் இருந்தது. இன்று புனிதர் பட்டத்துக்கென முன்மொழியப்பட்டுள்ள இறை ஊழியர் டாரதி டே அம்மையார், பீட்டர் மோரினோடு இணைந்து 1933இல் தொடங்கிய இயக்கம் அது. அருகிலிருந்த மற்றொரு இல்லத்தில்தான் 1980 நவம்பரில் அம்மையார் உயிர் நீத்தார். ஒரே வட்டாரம், ஒரே வறுமை. அதைக் கண்டு இளைஞர் அலறினர். அம்மையார் கஞ்சி ஊற்றினார், படுக்கை விரித்தார். அலறலும் கஞ்சியும் ஒன்றாகிவிடா. ஆனால் இரண்டும் ஒரே காயத்தைக் கண்டவர்களின் செயல்கள். காயத்தையே காணாதவர்களுக்குத்தான் அலறல் வெறும் இரைச்சலாய்க் கேட்கும்.

இனி இலண்டனுக்கு வருவோம். 1970களின் நடுவில் பிரிட்டனில் வேலையற்றோர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டிற்று. ஒருகாலத்தில் உலகை ஆண்ட அந்நாடு 1976இல் பன்னாட்டு நிதியத்திடம் 390 கோடி டாலர் கடன் கேட்டு நின்றது. பள்ளியை முடித்து வெளியேறிய பிள்ளைகளுக்கு அரசு தந்தது உதவித்தொகை வரிசையில் ஓர் இடம். இச்சூழலில் மால்கம் மெக்லாரன் என்னும் துணிக்கடைக்காரர் ஒன்றுதிரட்டிய குழுதான் செக்ஸ் பிஸ்டல்ஸ். கேட்கக் கூசும் அப்பெயர் கூசவைப்பதற்கென்றே இடப்பட்டது. 1975 நவம்பர் 6 அன்று ஓவியக் கல்லூரி ஒன்றில் அவர்களது முதல் நிகழ்ச்சி நடந்தது.

அக்குழுவின் பாடகர் ஜான் லைடன், அழுகியவன் என்று பொருள்படும் 'ராட்டன்' என்ற பட்டப்பெயரோடு பாடியவர். 1956இல் இலண்டனில் ஐரிஷ் கத்தோலிக்க உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்தவர். ஏழு வயதில் மூளைக்காய்ச்சலால் மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தவர். கத்தோலிக்கப் பள்ளியில் பயின்று அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர். ஆம், நம் திருமுழுக்குத் தொட்டியிலிருந்து எழுந்த பிள்ளை. அவரைச் சாத்தானின் பிள்ளை என்போர், அவர் முதலில் எவர் வீட்டுப் பிள்ளை என்று கேட்டதுண்டா?

1976 டிசம்பர் முதல் நாள், மாலைத் தொலைக்காட்சி நேர்காணலொன்றில் அவ்விளைஞர்கள் தகாத சொற்களை உதிர்த்தனர். நடத்துநரே அவர்களைச் சீண்டிச் சீண்டிப் பேச வைத்தார் என்பது பதிவாகியுள்ள உண்மை. மறுநாள் நாளேடுகள் பற்றி எரிந்தன. அவர்களது இசைப்பயணத்தின் பெரும்பாலான நிகழ்ச்சிகளை உள்ளூர் மன்றங்கள் தடைசெய்தன. தடைக்குத் தப்பிய சில இடங்களுள் ஒன்று, வேல்ஸ் நாட்டின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளிலுள்ள கேர்ஃபிலி என்னும் ஊரின் திரையரங்கு. டிசம்பர் 14 இரவு, கடுங்குளிரில், அந்த அரங்குக்கு வெளியே ஊர்க் கிறிஸ்தவர்கள் கூடி நின்று கிறிஸ்துமஸ் கீதங்களைப் பாடித் தங்கள் எதிர்ப்பைக் காட்டினர். வெளியே பாலன் பிறப்பின் பாடல். உள்ளே வேலையற்ற பிள்ளைகளின் கூச்சல். இடையே மூடிய கதவு.

ஓராண்டு கழிந்தது. 1977 கிறிஸ்துமஸ் நாளன்று பிரிட்டனின் தீயணைப்புத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இருந்தனர். ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் ஊதியமின்றி வாடிய அத்தொழிலாளரின் பிள்ளைகளுக்கும், ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் அன்று பிற்பகலில் விருந்து வைத்து, அணிச்சல் வெட்டி, பரிசுகள் வழங்கிப் பாடியவர்கள் யாரென்று நினைக்கிறீர்கள்? இதே செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவினர்தாம்.

ஆண்டவர் சொன்ன இரு புதல்வர் உவமை (மத்தேயு 21) நாம் அறிந்ததே. தந்தை திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகச் சொன்னபோது 'மாட்டேன்' என்றவன் பிறகு போனான். 'போகிறேன்' என்றவன் போகவில்லை. கேர்ஃபிலியின் வாசலில் கீதம் பாடியவர்களை நான் பழிக்கவில்லை. அவர்கள் தம் பிள்ளைகளுக்கு அஞ்சியே அங்கு நின்றனர். ஆனால் பாலன் இயேசுவின் பிறந்தநாளில் ஏழைக் குழந்தைகளுக்கு உணவு பரிமாறியது எந்த மகன் என்பதை உவமையின் முன் நின்று நாமே சொல்லிக்கொள்ள வேண்டும்.

'அப்படியானால் பங்க் இசையில் தீமையே இல்லையா?' என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதை மறைப்பது என் நோக்கமன்று. அதிர்ச்சி தருவதற்கென்றே நாஜிச் சின்னத்தை அணிந்து திரிந்தவர்கள் அவர்களுள் இருந்தனர். போதைப்பொருள் பலரை விழுங்கிற்று. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் சிட் விஷஸ், தன் துணைவியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு வழக்கு முடியுமுன்னே 1979 பிப்ரவரியில் ஹெராயினால் மடிந்தபோது அவருக்கு வயது 21. எதிர்காலமே இல்லை என்பதைப் பல்லவியாக்கிப் பாடியவர்கள், அந்நம்பிக்கையின்மையைத் தம் உடலிலேயே நிறைவேற்றிக்கொண்டார்கள். நோயைக் கண்டவர்களுக்கு மருந்து தெரியவில்லை. இது பங்க் இசையின் உண்மையான ஏழ்மை.

ஆயினும் நம்பிக்கை துளிர்க்காத முறையீடு பாவமாகிவிடுமா? 88ஆம் திருப்பாடலைத் திறந்து பாருங்கள். பிற புலம்பல் பாடல்களெல்லாம் இறுதியில் நம்பிக்கைக்குத் திரும்ப, அது மட்டும் இருளிலேயே முடிகிறது. அதைத் திருச்சபை நீக்கிவிடவில்லை. ஒவ்வொரு வெள்ளி இரவும் திருப்புகழ்மாலையில் வைத்து வேண்டுகிறது. அதே விவிலியத்தில் ஆமோஸ் இறைவாக்கினர் வழியாக ஆண்டவர் 'இரைச்சல்' என்று வெறுத்து ஒதுக்குவது தெருப் பாடலையன்று. நீதியை மறந்தவர்கள் வழிபாட்டில் பாடிய பாடல்களை. இரைச்சல் எது, இசை எது என்பதை அளக்க இறைவனிடம் வேறு அளவுகோல் இருக்கிறது. வேலையின்மை ஒரு தீமை என்றும், அது பெருகும்போது சமூகப் பேரழிவாகும் என்றும் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பைக் குறித்த சுற்றுமடலில் எழுதினார். அத்தீமையைக் கண்டிக்காமல், அதற்கு இரையானவனின் குரலை மட்டும் கண்டிப்பது எவ்வகை நீதி?

விரட்டுவதால் நாம் சாதிப்பதென்ன என்பதையும் பார்ப்போம். ஒரு வாசலில் விரட்டப்படும் இளைஞனை இன்னொரு வாசலில் வணிகன் இன்முகத்தோடு வரவேற்கிறான். பங்க் இசையின் தொட்டிலிலேயே வணிகன் இருந்தான்; மெக்லாரன் நடத்தியது துணிக்கடை என்பதை முன்னமே சொன்னேன். அரசியின் வெள்ளிவிழா ஆண்டான 1977இல் அக்குழு வெளியிட்ட பாடலை பி.பி.சி. ஒலிபரப்ப மறுத்தது, தடையே விளம்பரமாகி அது விற்பனையில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. அவர்களை முதலில் கைவிட்டவை இரண்டு பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள். ஒன்று ஒப்பந்தமிட்ட ஆறே நாளில் கைவிட்டது. மூன்றாவது நிறுவனம் அள்ளிக்கொண்டது. எதிர்ப்பும் விலைபோகும் என்று சந்தை கண்டுகொண்ட நாள் அது.

அதன்பின் நடந்தவற்றைச் சொன்னால் நகைப்பும் வேதனையும் ஒருங்கே வரும். ஏழ்மையின் அடையாளமாய்ச் சட்டையில் குத்திய ஊக்கு, செல்வர்களின் ஆடையலங்காரமாயிற்று. சி.பி.ஜி.பி. 2006 அக்டோபரில் வாடகைத் தகராறில் மூடப்பட்டது; 2008இல் அவ்விடத்தில் விலையுயர்ந்த ஆடைகளின் கடை திறக்கப்பட்டது. அதே 2008இல் ஜான் லைடன் தொலைக்காட்சியில் வெண்ணெய் விளம்பரத்தில் தோன்றினார். 2013இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பங்க் உடைகளுக்கும் உயர்தர ஆடைக் கலைக்கும் கண்காட்சி வைத்தது. 2016 நவம்பரில் மெக்லாரனின் மகனே, ஐம்பது இலட்சம் பவுன் பெறும் என மதிக்கப்பட்ட பங்க் நினைவுப்பொருள்களைத் தேம்ஸ் ஆற்றில் படகின்மேல் வைத்து எரித்தார். அவை விற்பனைச் சரக்காகிவிட்டன என்பதே அவர் முறையீடு. சாத்தான் இவ்வரலாற்றில் எங்கேனும் இருந்தால், கிதாரில் தேடாதீர்கள், கல்லாப்பெட்டியில் தேடுங்கள்.

விலைபோக மறுத்தவர்களும் இருந்தனர். மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 1977 ஜனவரியில், உற்றார் நண்பரிடம் கடனாய்ப் பெற்ற சுமார் 500 பவுனில் தன் தட்டைத் தானே வெளியிட்டது. பெரிய நிறுவனத்தின் தயவின்றியும் பாடலாம் என்று ஊரூராய் இளைஞர் துணிவு பெற்றனர். வாஷிங்டனில் இயன் மெக்கே 1980இல் நண்பரோடு தொடங்கிய டிஸ்கார்ட் நிறுவனம் இசைத்தட்டுகளை மலிவு விலைக்கே விற்றது. அவர் அடுத்த ஆண்டு பாடிய ஒரு பாடலிலிருந்து, மதுவையும் போதையையும் தொடாத இளைஞர் இயக்கமொன்று நாடெங்கும் பரவிற்று. அவரது பிற்காலக் குழுவான ஃபுகாசி, ஐந்து டாலர் அளவிலேயே நுழைவுக்கட்டணம் வைத்துப் பாடியது. நம் மதுவிலக்குப் பணிக்குழுக்கள் ஏங்கும் செயலை, முடியைச் சிரைத்துக் கூச்சலிட்ட பிள்ளைகள் செய்தனர்.

பிரிட்டனில் நிறவெறிக் கட்சியான தேசிய முன்னணி தெருக்களில் அணிவகுத்த காலத்தில், 1976இல் சவுத்தாலில் பஞ்சாபி இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். அவ்வாண்டே 'நிறவெறிக்கு எதிராக ராக்' என்னும் இயக்கம் எழுந்தது. 1978 ஏப்ரல் 30 அன்று இலண்டன் விக்டோரியா பூங்காவில் க்ளாஷ் குழுவும், சோமாலியத் தந்தைக்குப் பிறந்த பாலி ஸ்டைரின் பாடிய எக்ஸ்ரே ஸ்பெக்ஸ் குழுவும் பல்லாயிரவர் முன் பாடின. நம் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து பிழைக்கச் சென்ற மக்களுக்காக அன்று தெருவில் நின்றவர்களுள் இந்தக் கிழிந்த சட்டைக்காரர்களும் உண்டு.

இவர்களைத் திருச்சபை எங்கும் ஏற்கவில்லையா? ஏற்ற இடம் உண்டு. நாம் வெட்கி நாண வேண்டிய அளவுக்கு அது ஒரு பாடம். கம்யூனிச ஆட்சியிலிருந்த கிழக்கு ஜெர்மனியில் பங்க் இளைஞர்கள் உளவுத்துறையால் வேட்டையாடப்பட்டனர். 1983இல் ஒரு குழுவினர், பாடல் வரிகளுக்காகவே கைதாகிச் சிறைத்தண்டனை பெற்றனர். மேடையில்லை, உரிமமில்லை, கூடி நிற்க ஓர் அறையுமில்லை. அப்போது கதவைத் திறந்தவை சில சீர்திருத்த சபை ஆலயங்கள். 1983 ஏப்ரலில் ஹால்லே நகரின் கிறிஸ்து ஆலயத்தில் பல ஊர்ப் பங்க் குழுக்கள் கூடிப் பாடின. பெர்லினில் மறைசாட்சி போன்ஹோஃபர் ஒருகாலத்தில் சிறுவர்களுக்கு ஞானோபதேசம் கற்பித்த சீயோன் ஆலயத்திலும் அவ்விசை ஒலித்தது. 1987 அக்டோபரில் அங்கிருந்து வெளியேறிய இளைஞரை நவநாஜிக் கும்பல் தாக்கியது. கடவுளை நம்பாத பிள்ளைகள். ஆலய இருக்கைகளில் காலணியோடு ஏறியவர்கள். ஆயினும் அப்போதகர்கள் முதலில் மனந்திரும்பி வரும்படி கேட்கவில்லை. உள்ளே வரும்படி அழைத்தார்கள். சில ஆண்டுகளில் ஆட்சியை அசைத்த அமைதிச் செபக் கூட்டங்கள் இத்தகைய திறந்த கதவுகளுக்குள்ளேதான் வளர்ந்தன.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. 2011 டிசம்பரில் இந்தோனேசியாவின் பண்டா ஆச்சே நகரில், அனாதைப் பிள்ளைகளுக்கு நிதி திரட்ட நடந்த பங்க் இசை நிகழ்ச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோரைக் காவலர் பிடித்து, தலையை மழித்து, குளத்து நீரில் அமிழ்த்தி 'ஒழுக்கம்' கற்பித்தனர். அது பிற சமயத்தார் செய்தது என்று நாம் ஆறுதலடைய வேண்டா. அதே மனம் நம்மிடம் உண்டா என்று ஆய்வதே நேர்மை.

1975இல் பேட்டி ஸ்மித் என்னும் நியூயார்க் பாடகி, மீட்பரின் மரணத்தைத் தன் பாவக்கணக்கோடு சேர்க்க மறுக்கும் வரியோடு தன் முதல் இசைத்தட்டைத் தொடங்கினார். 'மாட்டேன்' என்ற மகள். நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த தட்டிலோ, 33 நாள் மட்டுமே ஆண்ட திருத்தந்தை முதலாம் அருள் சின்னப்பரை நினைந்து பாடினார். 2014 டிசம்பரில் வத்திக்கானின் கிறிஸ்துமஸ் இசைநிகழ்ச்சியில் அவர் பாட அழைக்கப்பட்டபோது, தெய்வநிந்தனை என்று கூக்குரலிட்ட பக்தர்கள் இல்லாமலில்லை. திருத்தந்தை பிரான்சிஸின் உரோமை அவரை விலக்கவில்லை, அவர் பாடினார். நாற்பதாண்டு காத்திருந்து கேட்கத் திருச்சபைக்கு முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் நாற்பதாண்டு வாழ்வு வாய்ப்பதில்லை. சிட் விஷஸ் 21 வயதில் போனார்.

ஆகவே பெற்றோரே, பங்குப் பேரவையினரே, மறைக்கல்வி ஆசிரியர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளை உங்களுக்குப் புரியாத ஓர் இசையைக் காதில் மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தும்போது, அது எந்தப் பேயின் இசை என்று கேட்காதீர்கள். அதில் யார் அழுகிறார்கள், எதற்காக அழுகிறார்கள் என்று கேளுங்கள். அவன் சொல்வதில் தவறிருந்தால் அமர்ந்து பேசுங்கள். போதைக்கும் வெறுப்புக்கும் இடமளிக்காதீர்கள். ஆனால் கேட்காமல் தீர்ப்பிடாதீர்கள். 'மாட்டேன்' என்று சொல்லும் பிள்ளையிடம் பேசிப் பார்க்கத் தந்தைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அவனை விரட்டிவிட்டால், பேசுவதற்கு வணிகன் காத்திருக்கிறான்.